பால் மாதாவும் சாக்பீஸ் கோடும்

திருப்பூர் வீரபாண்டியில் இருந்து மூலனூர்ப் பக்கம் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது அப்படித்தான் இருந்தது. எண்பதுகள் முடியும் நேரம். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு லைன் வீட்டில் குடியேறியிருந்தேன். கடைத்தெருவைத் தாண்டித் தனியாக எங்கும் போனதில்லை. அப்படிப்பட்டவள் கைக்குழந்தையோடு ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

காரணம் என் மகள்தான். பிறந்ததில் இருந்தே இளைத்துக் கிடந்தாள். மடியில் போட்டால் கொஞ்ச நேரம் குடிப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் போதவில்லையா, நான் பிடிக்கும் விதம் சரியில்லையா, கருவாடு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையா என்று நாளெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "விடாமக் குடு, பவுடரும் சேத்துக்கோ" என்றார். பக்கத்து வீட்டு ரீத்தா வேறொன்று சொன்னாள்.

"எங்கூருக் கோயில்ல பால் மாதா படம் இருக்குதுங்கக்கா. அதுக்கடியில ஒக்காந்து புள்ளைக்குக் குடுத்துட்டு வாங்க. எங்கக்கா ஊட்டுலயே தங்கிக்கலாமுங்க."

பி.ஏ. படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று ஒரு மனம் கேட்டது. நம்பாமல் இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டாவது மனம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

கணவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். "ஷிப்மென்ட் போகாம மொதலாளி விடமாட்டாரு. நீ முன்னால போ, ஞாயித்துக்கிழம பூசைக்கு நான் வந்துருதேன். பயப்படாத என்னா?" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, கண்டக்டரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மூலனூரில் முருங்கைக்காய்ச் சந்தை. பஸ்ஸுக்குள் ஆட்களைவிடக் காய்க்கட்டு அதிகம். நான் கால் நீட்டப் போனதும் கண்டக்டர் பதறினார்.

"அம்முணி, அந்தக் கட்டு மேல கால வெச்சுராதீங்க. அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்குதுங்க."

கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், "நல்லாருக்குதுங்க நாயம். டிக்கெட் எடுத்த நானு நிக்கறேன், முருங்கக்கா ஒக்காந்துட்டு வருதுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் மீன்கூடையைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். இங்கே திட்டுவதற்குக்கூட 'ங்க' போடுகிறார்கள்.

சாயப்பட்டறைக் கால்வாய்களின் சிவப்பும் நீலமும் பின்னால் போய், வேலியடைத்த கொறங்காடுகள் தொடங்கின. பசும்புல் இல்லாத அந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் எதைத் தின்று இப்படித் திமிலோடு நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போது பஸ் முனகி நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். என் ஃபிளாஸ்க்கின் மூடி கழன்று, வெந்நீர் முழுவதும் துணிப்பையில் இறங்கியிருந்தது. குழந்தை அழத் தொடங்கியது. காய் ஏற்றிவர வெறும் சாக்குகளோடு சந்தைக்குப் போன டெம்போ ஒன்றில் கண்டக்டரே எங்களை ஏற்றிவிட்டார். சாக்குக் குவியலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குலுக்கலிலும் முந்தானை நழுவியது. டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறாரோ என்ற பயத்தில் நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. அவள் அழுது அழுது தூங்கிப்போனாள்.

ரீத்தாவின் அக்கா செலின், அந்த ஊர்க் கோயில்பிள்ளையின் மனைவி. மணி அடிப்பதும் மெழுகுதிரி ஏற்றுவதும் கணவர் வேலை. கோயிலைக் கட்டிக் காப்பது தன் வேலை என்பது செலினக்காவின் எண்ணம். வாசலிலேயே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏஞ் சாமி, இப்பிடியா எளச்சுக் கெடக்கற? மொதல்ல நீங்க சோறுண்ணுங்க கண்ணு. வெறும் வயித்துல எங்கிருந்து ஊறும்?"

அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள முருங்கைக்காய்ப் பொரியல். எங்கள் ஊரில் பருப்புச் சோறு என்றால் மீன் கிடைக்காத நாளின் சோகம். இங்கே அதை விருந்தாக வைத்தார்கள். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வெயில் தாழக் கோயிலுக்குப் போனோம். கடலைப் பார்த்து வானத்துக்கு ஏறும் கோபுரங்களைத்தான் நான் கோயில் என்று நினைத்திருந்தேன். இது தரையோடு குந்தி உட்கார்ந்திருந்தது. கட்டையான இரண்டு கோபுரங்கள், நடுவில் ஓட்டுக்கூரை, முன்னால் கல்லில் கொடிமரம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. உள்ளே நுழைந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. சுண்ணாம்புச் சுவர் அத்தனை கனம். ஜன்னல் திட்டில் ஓர் ஆள் படுக்கலாம். வெளியே இருந்த வெயில் உள்ளே வரவே இல்லை. மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான கண்ணாடித் துண்டுகள் வழியாக வந்த வெளிச்சம் மட்டும் கடப்பைக்கல் தரையில் நிறம் நிறமாகக் கிடந்தது.

தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல். உச்சியில் இலைக்கொத்து செதுக்கியிருந்தார்கள். கல்லூரிப் பாடத்தில் ஐரோப்பியத் தூண்களின் இலைகளைப் படம் வரைந்து பாகம் குறித்த ஞாபகம் வந்தது. இது அந்த இலை இல்லை. காம்பும் சிறு சிறு வட்ட இலைகளுமாக அசல் முருங்கைக் கொத்து. இலை செதுக்கச் சொன்ன வெள்ளைக்காரச் சாமியார் எந்த இலை என்று சொல்ல மறந்திருப்பார். சிற்பி தன் தோட்டத்தில் இருந்ததைச் செதுக்கியிருப்பார். ஒரு பக்கம் மிக்கேல் சம்மனசு என்னும் வானதூதரின் காலடியில் பசாசு முறுக்கு மீசையோடு கிடந்தது. சம்மனசைவிட அது அழகாக இருந்தது என்று நினைத்து, உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்து ஒதுக்கில் சிறிய பீடம். அதற்கு மேலே, சுவரில், பால் மாதா.

மாட்டுக்கொட்டகை. மாதா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெள்ளைக்கார முகம். ஆனால் சம்மணமிட்டிருக்கும் விதமும் குழந்தையின் தலையைத் தாங்கும் முழங்கை மடிப்பும் நம்முடையவை. ஒரு பக்க மார்பு திறந்திருக்கிறது. குழந்தை கண்ணை மூடி, கையை விரித்துக் குடிக்கிறது. பின்னால் எட்டிப் பார்ப்பது காங்கேயம் காளை. சூசையப்பர் ஓரத்தில், நமக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நிற்கிறார்.

"அவரு மட்டும் ஏன் அந்தப் பக்கம் பாக்காரு?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி புள்ளைக்குக் குடுக்கறா. ஊருசனம் வந்து போற தொழுவம். அவரு திரும்பி நின்னாத்தான மத்தவனும் திரும்புவான்?" என்றார் செலினக்கா. "அதனாலதானுங்க இங்க அந்த வழக்கம். இந்தப் படத்துக்கடியில ஒருத்தி புள்ளைக்குக் குடுத்தா, கோயிலுக்குள்ள இருக்கற ஆம்பளைங்க அத்தன பேரும் வாசலப் பாத்துத் திரும்பீரோணும். அவ முடிச்சு முந்தானையப் போடற வரைக்கும் ஒருத்தனும் திரும்பக் கூடாது. சாமியாரா இருந்தாலுஞ் செரி."

அப்போதுதான் கவனித்தேன். மாதாவின் தோளில் இருந்து இடுப்பு வரை வெள்ளையாக ஒரு சாக்பீஸ் கோடு. முந்தானை மாதிரி வளைந்து, மார்பையும் குழந்தையின் பாதி முகத்தையும் தாண்டிப் போனது.

செலினக்காவின் குரல் மாறிவிட்டது. அந்த ஊரில் பிறந்து திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கும் அந்தோணி முதலாளி கோயில் முழுக்கப் பெயின்ட் அடித்துத் தருகிறாராம். திருவிழாவுக்கு வெளிநாட்டு பையர்களை, அவரிடம் சரக்கு வாங்குகிறவர்களை, அழைத்து வரப் போகிறார். அவர்கள் முன்னால் மாதா இப்படி இருக்கலாமா, சேலை வரைந்து மூடிவிடுங்கள் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். காலையில் பெயின்டர் வந்து மூடப் போகிறார்.

"வெள்ளக்காரன் வரஞ்ச படத்த வெள்ளக்காரன் பாத்தாக் கேவலமாம்" என்றார் செலினக்கா. "இப்பவே ஒக்காந்து குடுத்துருங்க கண்ணு."

மகள் தூக்கத்தில் இருந்தாள். எழுப்பினேன். கத்தினாளே தவிர வாய் வைக்கவில்லை. படம் அழிவதற்குள் குடி என்று ஒரு பச்சைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? வந்தும் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. அன்று இரவு பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பெயின்டர் காதர் பாய் ஏணியோடு வந்துவிட்டார். திருப்பூரில் பாதிக் கம்பெனிகளின் பெயர்ப்பலகை அவர் கையெழுத்து. நீல எனாமல் டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் வாடை கோயிலெல்லாம் பரவியது. ஆறு மாதம் முன்பு மாற்றலாகி வந்திருந்த இளம் பங்குச் சாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"குடுத்தவரு சொல்றாருங்க, நான் என்ன பண்றது? நாளைக்கு அவரே வர்றாரு, வந்தா பேசிப் பாக்கலாம்" என்றார்.

"நாளைக்குப் பேசறதுக்கு இன்னிக்குப் படம் இருக்கோணுமுங்களே சாமி" என்றார் செலினக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, போயி ஒக்காருங்க."

"இப்பவா? எல்லாரும் நிக்காங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒக்காருங்க."

நான் எதையும் மறுத்துப் பழகாதவள். மூத்தவர்கள் சொன்னால் செய்துவிட்டுத்தான் யோசிப்பேன். போய்ப் பீடத்தின் கீழே, சரியாக ஏணி நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் போட்டேன்.

கண நேரம்தான். கோயில்பிள்ளை டக்கென்று வாசலைப் பார்த்துத் திரும்பினார். சாமியாருக்கு வழக்கத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவரும் திரும்பினார். காதர் பாய் மட்டும் ஒன்றும் புரியாமல் பிரஷ்ஷோடு நின்றார்.

"பாய், பொம்பளப்புள்ள பால் குடுக்குது, அங்க என்ன வேல?" என்று கோயில்பிள்ளை முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"அய்யய்யோ, தெரியாதுங்க!" என்று ஏணியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு காதர் பாய் வெளியே ஓடினார்.

அதன்பிறகு செலினக்கா தெருத் தெருவாகப் போய்விட்டு வந்தார். முதலில் ஒருத்தி வந்தாள். நான் எழுந்ததும் அவள் உட்கார்ந்தாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பால் மறந்து பள்ளிக்கூடம் போகும் வயதுப் பயல் ஒருவனைக்கூட அவன் அம்மா இழுத்து வந்து மடியில் கிடத்தினாள்.

"எனக்கு வேண்டாம்மா! நான் பெரியவனாயிட்டேன்!"

"சும்மா கெட்றா. மாதாவுக்காக."

ஒதுக்கு முழுவதும் சிரிப்பு. வாசலைப் பார்த்து நின்ற கோயில்பிள்ளையின் முதுகும் குலுங்கியது.

சாமியார் பாடுதான் கஷ்டம். அவர் அறைக் கதவு அந்த ஒதுக்கை ஒட்டியே இருந்தது. புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். ஒரு தடவை தூணில் மோதிக்கொண்டார். "பாத்து வாங்க சாமி" என்று பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "பாக்கத்தான் முடியலீங்களே" என்றார் அவர்.

எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்ந்தது நான்தான். ஆள் விட்டுப்போகும் போதெல்லாம், "கண்ணு, ஓடியாங்க" என்று குரல் வரும். அப்படித் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்தப் படம் எனக்குத் தெரிந்தது. நின்று பார்த்தால் மாதா குழந்தையைப் பார்ப்பது போலிருக்கும். கீழே உட்கார்ந்து பார்த்தால் அவள் பார்வை குழந்தையின் தலையைத் தாண்டி நேராக நம் மடிக்கு வருகிறது. கண்ணின் கீழ் இமையோரம் லேசான கருப்பு. தூக்கம் கெட்டவளின் கண். வரைந்தவர் ஓர் ஆணாக இருந்தாலும், யாரோ ஒருத்தியை இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். எங்கள் ஊர் மாதாவுக்குத் தங்கக் கிரீடம் உண்டு, கப்பல் மாதிரித் தேர் உண்டு. களைத்துப்போன மாதாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே புளியமரத்தடியில் காதர் பாய் செலினக்கா கொடுத்த வெல்லம் போட்ட கச்சாயத்தைத் தின்றுகொண்டிருந்தார். டப்பாவில் எனாமல் ஏடு கட்டியிருந்தது.

"உங்களுக்கு வேல கெட்டுப்போச்சே அண்ணாச்சி" என்றேன்.

"கெடட்டுமுங்க தங்கச்சி. கோடு போடறப்பவே எனக்குக் கை கூசுச்சுங்க. புள்ள மூஞ்சி மேல பெயின்ட் ஏத்தச் சொல்றாங்க. நாளைக்கு மொதலாளி வந்து முன்னால நின்னாருன்னா அடிக்காம முடியாதுங்க. எனக்கும் அவுரு கம்பெனி போர்டுதான் பொழப்பு."

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் வந்துவிட்டார். ஷிப்மென்ட் முடித்துத் தூங்காமல் வந்த கண். தலையில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். "நீயா உக்காந்த?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் செய்தது சரிதானா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். பூசை மணி அடித்துவிட்டது.

பூசை முடியும் சமயம் வெள்ளை அம்பாசிடர் கார் வந்து நின்றது. சாமியார் ஆசீர் கொடுத்ததும் செலினக்கா கண் காட்டினார். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்ப் பால் மாதாவின் கீழே வரிசையாக உட்கார்ந்தோம். கோயிலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். என் கணவர் ஒரு நொடி விழித்து, பக்கத்து ஆளைப் பார்த்து அவரும் திரும்பினார்.

அந்தோணி முதலாளியும் அவர் மனைவியும் உள்ளே நுழைந்தபோது எதிரே நின்றவை எல்லாம் ஆண்களின் முகங்கள். முதலாளி தலைகளுக்கு மேலாக ஒதுக்கை எட்டிப் பார்த்தார். பார்த்த மறுகணம், யாரும் சொல்லாமலே, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். சஃபாரி சட்டைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டார். அந்த ஊர்ப் பையன் எப்படித் திரும்ப வேண்டுமோ அப்படித் திரும்பினார்.

அவர் மனைவி மட்டும் எங்களிடம் வந்தார். பட்டுச் சேலை, முகத்தில் நிஜமான சங்கடம். கெட்டவராகத் தெரியவில்லை.

"என்னுங்க இது, கோயிலுக்குள்ள இத்தன பேரு? திருவிழாவுக்கு பையருங்க வர்றப்ப இப்பிடி இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அவிங்களும் திரும்பி நிப்பாங்கம்மா" என்றார் செலினக்கா. "உங்க ஊட்டுக்காரரும் இந்த எடத்துல குடிச்சு வளந்தவருதானுங்க. வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒரு கனைப்பு வந்தது. சிரிப்பை அடக்குவது எல்லா முதுகுகளிலும் தெரிந்தது.

"ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்களே" என்றார் அந்தம்மாள் கணவரைப் பார்த்து.

அவர் திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வெளியே ஏணியோடு நின்ற பெயின்டரிடம் சொல்வது போல உரக்கச் சொன்னார்.

"பாய், அந்தச் செவுத்த உட்டுருங்க. கோட்ட மட்டும் தொடச்சுருங்க. மத்ததப் பாருங்க."

"செரிங்க மொதலாளி" என்ற காதர் பாயின் குரலில் அவ்வளவு வேகம்.

யாரும் கை தட்டவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக முடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். முதலாளியம்மாள் போகவில்லை. பீடத்தின் ஓரத்தில் பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் தடவை பார்ப்பது போலப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியாக மிஞ்சியது நான் மட்டும். எப்போதும் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மகள் அன்று விடவில்லை. கண்ணை மூடியிருந்தாள், கை விரிந்திருந்தது. வாயோரத்தில் பால் வழிந்து என் முந்தானையை நனைத்தது. மாதாவின் அருளா, இரண்டு நாளாக அந்தக் கல்தரையில் விடாமல் உட்கார்ந்ததா, பருப்புச் சோறா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவளோ இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள்.

சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை. முதலாளிக்கு வண்டி காத்திருக்கிறது. எங்களுக்கு பஸ் நேரம். அத்தனை ஆண்களும் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, ஒரு சின்னப் பிள்ளை குடித்து முடிப்பதற்காக அசையாமல் நின்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் இத்தனை பேரைக் காக்க வைக்கிறோமே என்று பதறி அவளைப் பிடுங்கி எடுத்திருப்பேன்.

கணவர் திரும்பாமலே தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார்.

"முடிஞ்சிட்டா?"

"இல்ல" என்றேன். "இன்னும் குடிக்கா."